ஒரு சிட்டிகை காலியிடம்

எங்கள் நிறுவனம் ஒன்றுமில்லாததை ஆராய்கிற நிறுவனம். இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிக்கிறார்கள். எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவர்கள் மட்டும் சிரிப்பதில்லை. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்.

நான் அங்கே தற்காலிக ஆய்வாளர். இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். என் தற்காலிகம் மட்டும் நிரந்தரமாக இருந்தது. என் வேலை ஒரு நீலத் தூளைச் செய்வது. உலோக அணுக்களை மூட்டுகளாகவும் கரிமத் துண்டுகளைக் கம்புகளாகவும் வைத்து, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசி வரைக்கும் சாரம்தான், கட்டடம் வராது. சாரத்துக்கு நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள்தான் விஷயமே. ஒரு சிட்டிகைத் தூளில் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானத்தை மூடிவிடலாம்.

அந்தத் துளைகளுக்கு அமோனியா என்றால் உயிர். காற்றில் துளியூண்டு இருந்தாலும் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்துக்கொள்ளும். அது உட்கார்ந்ததும் தூளில் ஓடும் மின்சாரம் மாறும். மாறினால் ஒரு குட்டி பஸ்ஸர் கீய்ங் என்று கத்தும், காற்றில் அமோனியா தீர்ந்ததும் நிற்கும். இத்தனையையும் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. துளைகள் காலியாக இருக்க வேண்டும். காற்றின் ஈரமும் கண்ட வாசனையும் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் அமோனியாவுக்கு இடம் கிடையாது. ஆகவே பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, சூடாக்கி, உள்ளே குடியேறியதையெல்லாம் விரட்டி, உடனே மூடி வைக்க வேண்டும்.

ஏன் அமோனியாவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஆபரேட்டர். அங்கே தண்ணீரை உறைய வைப்பது அமோனியாதான். போன கோடையில் பழைய கம்ப்ரசரின் வால்வு கசிந்தது. எல்லாரும் வெளியே ஓட, இவர் மட்டும் வால்வை மூடிவிட்டுத்தான் வந்தார். ஆள் பிழைத்தார், மூக்கு பிழைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வாசனையும் தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"உன் சமையலைப் பாராட்டறேனே, அதெல்லாம் பழைய ஞாபகத்துல இருந்து எடுத்து விடறதுதான்" என்பார்.

சிரிப்பேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

"வேற வேலைதான் பாருங்களேன்."

"மூக்கில்லாதவனை எவன் சேர்த்துக்குவான்? அங்கதான் என் காது வேலை செய்யுது. மெஷின் சத்தத்தை வச்சே அதுக்கு என்ன வியாதின்னு சொல்லிடுவேன்."

கசிவுக்கு ஏது சத்தம்? அதை நான் சொல்லவில்லை, அவருக்கும் தெரியும். அந்தக் கசிவுக்குப் பிறகு ஃபேக்டரி முதலாளி பழைய கம்ப்ரசரை நிறுத்தி வைத்திருந்தார். வெயில் ஏற ஏற ஆர்டர் குவிந்தது, அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. "உங்க இன்ஸ்டிட்யூட் சான்றிதழ் கொடுக்கட்டும்மா. எல்லாருக்கும் உன் பேட்ஜை வாங்கிக் குத்திவிட்டுத்தான் பழசை ஓட்டுவேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, நிர்வாகத்துக்குப் புரிகிற எளிய நடையில் ஒரு விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். என் கெட்ட நேரம், எளிய நடை எனக்கு நன்றாக வரும். துளை, நுண்வெளி, வெற்றிடம் என்றெல்லாம் எழுதி அவர்களைப் பயமுறுத்த வேண்டாமே என்று இப்படி எழுதினேன்: 'இப்பொருளின் சிறப்பே இதிலுள்ள காலியிடங்கள்தான். ஒரு சிட்டிகையில் கோடானுகோடி காலியிடங்கள் உள்ளன. இவற்றை நிரப்பாமல் காப்பது ஆய்வாளரின் முதல் கடமை.'

மறுநாளே நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் நிறுவனத்தில் எதுவும் மறுநாளே நடந்ததில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவர் மேசையில் ஒரு மணியும் என் விளக்கமும் மட்டும் இருந்தன. காலியிடம் என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

"கோடானுகோடி காலியிடம். இத்தனை நாளா மூடி போட்டு வச்சிருந்திருக்கீங்க."

"ஈரம் பட்டுடக் கூடாதுன்னுதான் சார் மூடி..."

"மூடி மறைச்சதை ஒத்துக்கறீங்க. நல்லது."

"ஐயோ சார், இது வேலைக்கான காலியிடம் இல்ல. துளை. மூலக்கூறு வந்து உட்கார்ற இடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"உட்கார இடம் இருக்கா?"

"இருக்கு சார்."

"உட்கார்ந்த பிறகு வேற ஏதாவது வேலை செய்யணுமா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல சார். சும்மா உட்கார்ந்தாலே போதும்."

"அப்ப அது பதவிதான்மா. நானும் அப்படித்தான் இங்க சேர்ந்தேன்."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். நிரப்பாத இடங்கள் ஆண்டு முடிவில் ரத்தாகிவிடும், ரத்தானால் அடுத்த ஆண்டு நிறுவனமே சுருங்கிவிடும், ஆகவே எல்லாவற்றையும் போர்க்கால அடிப்படையில் நிரப்பியாக வேண்டும், நிரப்பாதவரை சான்றிதழ் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மாலைக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது.

அடுத்து இயக்குநர் கூப்பிட்டார். எங்கள் இயக்குநரின் தலைமுடி விழா நாட்களில் கன்னங்கரேலென்றும் மற்ற நாட்களில் வேர்க்கால் வெளுத்தும் இருக்கும். முடியைப் பார்த்தே ஊழியர்கள் அன்றைக்கு விழா உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அன்று வெளுத்திருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கு ஒரு மச்சினன் இருக்கான்மா. தங்கமான பையன். வேலைன்னாத்தான் ஆகாது."

"சார், அந்தத் துளை ஒரு தலைமுடியோட பருமன்ல லட்சத்துல ஒரு பங்குகூட..."

"ஒல்லியாத்தான் இருப்பான், அட்ஜஸ்ட் பண்ணிக்குவான். பெருசா ஒண்ணும் வேண்டாம். ஓரமா, வெயில் படாத துளையா ஒண்ணு பார்த்து வை, போதும்."

அந்த வாரக் கடைசியில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கோடிக்கணக்கில் வேலை என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து வெயிலில் நின்றார்கள். காவலாளியோ, ஆளுக்கு ஒரு துளை நிச்சயம், தள்ளாமல் நில்லுங்கள் என்று வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

உள்ளே ஊழியர் சங்கச் செயலாளர் நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினார்.

"வெளியில இருந்து வாயுக்களைக் கொண்டுவந்து நிரப்பறதை சங்கம் வன்மையா கண்டிக்குது! காலங்காலமா இந்தக் கட்டடத்துக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கற காத்துக்குத்தான் முன்னுரிமை!"

எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் கட்டடத்துக்குள் சுற்றுகிற காற்றைச் சுவாசித்தவர்கள் அப்படித் தட்ட மாட்டார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் சுவாசித்தவர்கள்தான்.

உயர்நிலைக் குழு கூடியது. நானும் வேறு வழியில்லாமல் அவர்கள் பாஷையிலேயே பேசிப் பார்த்தேன். "சார், இந்த இடத்துக்குத் தகுதியுள்ள ஒரே ஆள் அமோனியாதான். மத்ததெல்லாம் உள்ள வந்தா கருவி கெட்டுப்போகும்."

நிர்வாக அதிகாரி துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா? ஒருத்தரை மனசுல வச்சுக்கிட்டு இடத்தைப் பிடிச்சு வச்சிருக்காங்க! இதுக்குப் பேர் என்ன?"

"தேர்ந்தெடுத்து உணர்தல், சார்."

"ஊழல்!"

ஓரமான துளையை மனதில் வைத்திருந்த இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். திறந்த போட்டி என்று முடிவானது. திறந்த போட்டி என்றால் என்ன என்று எனக்கு மறுநாள்தான் புரிந்தது. என் பேட்ஜுகளையெல்லாம் மூடியைத் திறந்து, முன்கூடத்து மேசையில் பரப்பி வைத்துவிட்டார்கள். எந்த வாயு வேண்டுமானாலும் வந்து விண்ணப்பிக்கலாமாம்! வாசலில் கோடை மழையின் ஈரம், பின்பக்கம் கேண்டீன் புகை, மேலே ரூம் ஸ்ப்ரே, கீழே தரை துடைக்கிற மருந்து. எல்லாம் வரிசையில் நிற்காமலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. வாசலில் நின்ற பிள்ளைகளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் எவ்வளவு நாள் பொறுப்பேன்? ஒரு மதியம் பேட்ஜுகளை அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் வைக்கப் போனேன். சங்கச் செயலாளர் குறுக்கே படுத்துவிட்டார்.

"இத்தனை நாள் உட்கார்ந்திருக்கற ஈரப்பதத்தை நோட்டீஸ் இல்லாம, விசாரணை இல்லாம வெளியேத்துவீங்களா? தற்காலிகமா சேர்ந்திருந்தாலும் அதை நிரந்தரமாக்கணும்!"

"சார், நானே இங்க வருஷக்கணக்கா தற்காலிகம்தான் சார்."

"அது வேற விஷயம்மா. நீங்க மனுஷங்க."

அப்புறம் சோதனை நடந்தது. குழுவினர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு பேட்ஜின் முன்னாலும் அமோனியா பாட்டிலைத் திறந்து காட்டினார்கள். ஒன்றுகூட மூச்சு விடவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாருங்க, என்ன ஒரு அடக்கம்! அபாயம் வந்தாகூட வாயைத் திறக்காது. தொழிலாளிகள் மனசுல பீதி உண்டாக்காது. நம்ம நிறுவனத்தோட பண்பாட்டை ஒரு கருவிக்குள்ள கொண்டுவர முடியும்னு நான் நினைக்கவே இல்ல."

அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நான் இத்தனை நாள் தவம் கிடந்த சான்றிதழ்!

ஐஸ் ஃபேக்டரிக்கு ஓடினேன். "ஐயா, அந்த பேட்ஜெல்லாம் செத்துப்போச்சு. நம்பாதீங்க. பழைய கம்ப்ரசரை ஓட்டாதீங்க" என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சீல் இருக்கேம்மா. உன் பேச்சுல சீல் இல்லையே."

விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இயக்குநரே வந்து பேட்ஜுகளைக் குத்திவிட்டு, பழைய கம்ப்ரசரின் பொத்தானையும் அழுத்துவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் அந்த மெஷின் முன்னாடி நிப்பான். அவனுக்கு அதோட சத்தம் தெரியாது." பிடித்த கையை விடாமல், "எனக்கும் பயம்தான்" என்றார். கல்யாணமாகி அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு பேட்ஜ் மிச்சம் இருந்தது. நான் முதன்முதலில் செய்த மாதிரி. கொஞ்சம் கோணல் என்பதால் கணக்கில் சேராமல், என் இழுப்பறையில் மூடிய சீசாவுக்குள் கிடந்தது. எங்கள் நிறுவனத்திலேயே மண்டைக்குள் இன்னும் இடமிருந்தது அதற்கு மட்டும்தான். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனேன். ஃபேக்டரி வாசலில் வைத்து மூடியைத் திறந்து, இவர் சட்டையில் குத்திவிட்டேன். துளைகள் நிரம்ப நாளாகும், விழா முடிகிறவரை தாங்கும்.

பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கம்ப்ரசர் அறை முழுக்க ரூம் ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். மூக்கு இருக்கிறவர்களும் அன்றைக்கு இவரைப் போலத்தான். தொழிலாளிகள் எல்லார் நெஞ்சிலும் நிரம்பி வழிந்த பேட்ஜுகள் மின்னின. இயக்குநர் வந்தார். தலை கன்னங்கரேலென்று பளபளத்தது. பொத்தானை அழுத்தினார், பழைய கம்ப்ரசர் இருமிக்கொண்டே ஓட ஆரம்பித்தது. எல்லாரும் கை தட்ட, ஆபரேட்டருக்குக் கை கொடுப்பதற்காக இயக்குநர் என் வீட்டுக்காரர் பக்கம் வந்து குனிந்தார்.

கீய்ங்!

எல்லாரும் கம்ப்ரசரைப் பார்த்தார்கள். இயக்குநர் பின்வாங்கினார், சத்தம் நின்றது. மறுபடி கிட்டே வந்தார். கீய்ங்! விலகினார், நின்றது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. புதுசாகப் பூசிய தலைச்சாயத்தில் அமோனியா இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பின்வரிசையில் எவனோ, "டைரக்டர் தலைதான் லீக்காவுது டோய்" என்றான். சிரிப்பு வெடித்தது.

இயக்குநர் முகம் சிவந்துவிட்டது. "இந்த அம்மாவை இப்பவே சஸ்பெண்ட் பண்றேன்! இவ்வளவு பேட்ஜ் மரியாதையா இருக்கு. இது ஒண்ணு மட்டும் யார்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு தெரியாம கத்துது!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கே போய்விட்டார். நிர்வாக அதிகாரியும் பின்னாலேயே போனார்.

கீய்ங்ங்ங்!

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் தூரத்தில் நின்ற அந்தக் கறுப்புத் தலையைப் பார்த்தார். தன் நெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே போய் மெஷினை நிறுத்தினார். வால்வுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "போன வருஷம் மூடினது போதும். வாங்க!" என்று அவரைச் சட்டையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் உள்ளே புஸ்ஸென்று பெரிய சத்தம் கேட்டது. ஸ்ப்ரே வாசனையையும் கிழித்துக்கொண்டு அந்த நெடி தெருவரைக்கும் வந்தது. தெருவுக்குப் போய்ப் பார்த்தால், எங்களுக்கெல்லாம் முன்னால் இயக்குநர் ஓடிக்கொண்டிருந்தார், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். இயக்குநரே தலைவர். அவர் தீர்ப்பை என்னை நிற்க வைத்து வாசித்தார்கள். 'சம்பவ இடத்தில் இருந்த கருவிகளில், சான்றிதழ் பெற்றவை அனைத்தும் அமைதி காத்தன. சான்றிதழ் பெறாத ஒரே ஒரு கருவி மட்டும் ஒலித்தது. பெரும்பான்மைக் கருவிகளின் கருத்துப்படி அன்று கசிவு எதுவும் நிகழவில்லை என்று இக்குழு ஒருமனதாக முடிவு செய்கிறது.' அதில் கையெழுத்துப் போடும்போதும் இயக்குநரின் கண்கள் சிவந்துதான் இருந்தன, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே போட்டார். காலியிடத்தை நிரப்பாமல் வைத்திருந்ததற்காகவும், அதை நிறுவனத்துக்கு வெளியே கடத்தியதற்காகவும் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். சங்கம் வாய் திறக்கவில்லை. நான் ஈரப்பதம் இல்லையே!

ஃபேக்டரி முதலாளிக்குக் கண் எரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆனது. அடங்கியதும் பழைய கம்ப்ரசரைப் பழைய இரும்புக்குப் போட்டார். பிறகு வீட்டுக்கே வந்து, "அந்தக் கோணல் பேட்ஜ் மாதிரியே எல்லாருக்கும் செஞ்சு கொடும்மா. சீல் வேண்டாம்" என்றார். இப்போது ஃபேக்டரி ஒர்க்ஷாப்பில் எனக்கு ஒரு மூலை இருக்கிறது. குளிர்சாதனக் குழாய்களைக் காலி செய்கிற பம்பு அங்கே எப்போதும் சும்மாதான் கிடக்கும். அதை வைத்துக் காற்றை உறிஞ்சி, சூடாக்கி, உட்கார்ந்திருப்பதையெல்லாம் விரட்டுகிறேன். யாரும் குறுக்கே படுப்பதில்லை.

நேற்றுக் காலை இவர் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் பழைய ஆபீஸ்ல ஒரு காலியிடமாம். விளம்பரம் போட்டிருக்கான். சென்சார் பிரிவுக்கு ஆய்வாளர், நிரந்தரப் பணி."

"என் இடம்தான் அது. டைரக்டர் மச்சினனுக்கு."

"தகுதின்னு ஒரு பக்கம் போட்டிருக்கான். மூக்கு வேலை செய்யணும்னு மட்டும் எங்கயும் போடல." பேப்பரைக் கீழே இறக்கி, முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டார். "நானே அப்ளை பண்ணட்டுமா?"

சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது பால் தீய்கிற வாசனை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், எழுந்தார், போய் அடுப்பை அணைத்தார்.